வயிறு மூடாத விமானம்

போன வாரம் சாப்பாட்டு மேசையில் மூண்ட சண்டை, இந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை அக்காவின் நெஞ்சில் ஆறவில்லை.

"நீ ஆரம்பிச்சதுல எதைடா முழுசா முடிச்சிருக்கே?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான், தான் கேட்டது என்னவென்று அவள் காதிலேயே விழுந்தது.

தம்பி சுள்ளான் சோற்றைப் பாதியில் விட்டான். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தான். தோள்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேசையில் வைத்தான்.

"மாமா, நான் வரைஞ்ச காகித விமானம். முதல் செட். உங்க பத்திரிகைக்கு மத்தவங்க செட்டோட சேர்த்து இதையும் பாருங்க. மச்சான்னு பாக்க வேண்டாம்."

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டான். சுள்ளான் என்பது சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பேர். இன்றைக்கு ஆள் அக்கா வீட்டு வாசலில் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். அச்சகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, காகிதத்தில் விமானம் வரைகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி மட்டும் அதே அச்சகத்தில், அதே இயந்திரத்தின் முன்னால், குடும்பத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறாள்.

அக்காவின் கணவர் பகலில் பல் கட்டுகிற லேபில் வேலை பார்ப்பவர். மற்ற நேரத்தில் ‘கத்தரி’ என்ற பெயரில், காகித மாடல் செட்டுகளை வாங்கிக் கட்டிப் பார்த்து எது தேறும், எது தேறாது என்று மாதப் பத்திரிகையில் எழுதுபவர். கத்தரி தேறும் என்றால் கடைக்காரர்கள் வாங்கி அடுக்குவார்கள். தேறாது என்றால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புவார்கள். ‘கத்தரி’யின் வாயில் மச்சான் வந்து தலையைக் கொடுத்திருக்கிறான் என்று அக்கா ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்க வந்து உக்காரேன். வெளிச்சம் நல்லா இருக்கு."

ஜன்னலோரம் மேசை போட்டு இரண்டு விமானங்களை நிறுத்தியிருந்தார் கத்தரி. மூன்றாவதற்கு இறக்கைகளும் வாலும் தயாராகி, உடம்புக்காகக் காத்திருந்தன.

"இதோ, இது பளபளா." முதல் விமானத்துக்கு அவர் வைத்த பேர் அது. "பெட்டியைப் பாத்தா நகைக்கடையில வாங்கின மாதிரி இருக்கும். வெட்டவே வேண்டாம், விரலால தள்ளினா துண்டு கழண்டு வரும்னு போட்டிருக்கான். கழண்டு வருது. வரும்போது பக்கத்துத் துண்டையும் கிழிச்சுக்கிட்டு வருது."

"இந்தச் சிவப்புக் கோடு ஏங்க படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குது?"

"வெட்டு ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"நம்ம கீழ் வீட்டுப் புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"அவங்களாவது சாப்பாட்டு நேரத்துக்குப் பேசிக்கிறாங்க. இது நோஞ்சான்." இரண்டாவதைத் தூக்கினார். சாம்பல் நிறம், இறக்கை கொஞ்சம் தொங்கியிருந்தது. "காகிதம் மட்டம். மடிச்சா வெடிக்குது. சாயம் விரல்ல ஒட்டுது. ஆனா வரைஞ்சவன் கை இருக்கே, அதுக்குத் தங்கக் காப்பு போடணும். ஒவ்வொரு துண்டும் தானா வந்து தன் இடத்துல உக்காருது. காகிதம் வாங்கினவன்தான் உருப்படாதவன்."

"அவனைத் திட்டுறீங்களே, உங்க கட்டைவிரலை அறுத்தது இந்த விமானம்தானே?"

"விமானம் அறுக்கல. நான்தான் டி.வி. பாத்துக்கிட்டே வெட்டினேன்."

கட்டைவிரலில் பெரிய கட்டு. கத்தரிக்கே கத்தி பட்டுவிட்டது என்று லேபில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். கட்டுரையை நாளைக்குள் அனுப்ப வேண்டும். அதனால் மூன்றாவது விமானத்தைக் கட்டுகிற பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்திருந்தது.

"உடம்பையும் நானே கட்டலாமாங்க? அவன் என் தம்பி. நாளைக்கு யாராச்சும் கேட்டா?"

"எழுதறது நான். நீ புதுசா கட்டுறவ. படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான். உன் கையில வந்துட்டா யார் கையிலயும் வரும். ஒண்ணே ஒண்ணு: தாள்ல என்ன போட்டிருக்கோ அப்படியே கட்டணும். எங்கயாவது சேரலன்னா, சேரலன்னு சொல்லணும். நாமளா எதையும் சரிக்கட்டக் கூடாது. பரீட்சை செட்டுக்கு, நமக்கு இல்ல."

"எத்தனை தடவை சொல்வீங்க?"

"நீ எத்தனை தடவை கேக்கிற மாதிரி முகத்தை வச்சுக்கிறியோ அத்தனை தடவை."

அவர் விரலுக்குக் கட்டு மாற்றிக்கொள்ளக் கிளம்பினார். வரும் வழியில் பசையும் வாங்கி வருவதாகச் சொன்னார். அக்கா மேசை விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சுள்ளானின் தாளைத் தொட்டாலே கை விலக மறுத்தது. அப்படியொரு கனம், அப்படியொரு வழவழப்பு. நீலம் என்றால் ஆழமான நீலம், ஈர விரலால் தேய்த்தாலும் கலையவில்லை. செய்முறைத் தாளில் அவன் குரலே கேட்டது. ‘ஓரத்தில் நீட்டியிருக்கும் இந்த நாக்கில் பசை தடவிவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள். காய்வதற்குள் இழுத்துப் பார்த்தால் நான் பொறுப்பல்ல.’

"வாய்க்கொழுப்பு. தாள்லயும் விட மாட்டேங்கறான்" என்று அக்கா தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

நேற்று இறக்கையும் வாலும் சொன்னபடி கேட்டிருந்தன. இன்றைக்கு உடம்பு. வேலை சுலபம்தான். நீலத் தாளைக் குழாயாகச் சுருட்ட வேண்டும். உள்ளே வட்டமான அட்டை வளையங்களை வைத்து, வளையத்தைச் சுற்றிக் குழாயை ஒட்டி மூட வேண்டும். மூடினால் விமானத்துக்கு வயிறு வந்துவிடும்.

அக்கா மடிப்புக் கோடுகளை முனை மழுங்கிய ஊசியால் மெல்லக் கீறினாள். வெட்டிய ஓரங்களில் வெள்ளை தெரியாமல் நீலப் பென்சிலால் பூசினாள். உருளைக்கட்டையின் மேல் தாளை உருட்டி வளைத்தாள். வளையங்களை உள்ளே நிறுத்தித் தாளைச் சுற்றினாள்.

மூடவில்லை.

இரண்டு ஓரங்களுக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி வெள்ளையாகச் சிரித்தது. அழுத்திப் பார்த்தாள். ஒரு பக்கம் மூடியது, மறுபக்கம் வாயைப் பிளந்தது.

அக்காவின் கை, அவளைக் கேட்காமலே கைப்பைக்குள் போயிற்று. உப்புத்தாள் துண்டு ஒன்று எப்போதும் அதில் கிடக்கும். கண்ணாடிக் கடையில் அவள் வேலையே அதுதான். மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குள் லென்ஸ் உட்காரும்வரை ஓரத்தைத் தேய்ப்பது. சட்டத்தில் உட்காராத லென்ஸைக் கெட்ட லென்ஸ் என்று அந்தக் கடையில் யாரும் சொல்வதில்லை. இன்னும் தேய்க்காத லென்ஸ், அவ்வளவுதான்.

வளையத்தின் ஓரத்தை ஒரு சுற்றுத் தேய்த்தாள். வைத்துப் பார்த்தாள். இன்னொரு சுற்று. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ஓரத்தைத் தடவினாள். ஒரு வளையம் முடிந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் நீலத் தாள் வளையங்களைச் சுற்றி வந்து, ஓரத்தோடு ஓரம் முத்தமிட்டுக்கொண்டது. எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

"வாடா என் ராசா!" என்றாள் அக்கா, விமானத்தைப் பார்த்தா தம்பியை நினைத்தா என்று தெரியாமல். இறக்கையை ஒட்டினாள். வாலை ஒட்டினாள். மூக்கைச் செருகினாள். பாட்டு ஒன்று தானாக வந்தது, வார்த்தை பாதியும் முனகல் பாதியுமாக.

கத்தரி திரும்பி வந்தபோது விமானம் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்தார்.

"இதுவா? இதுவா நீ கட்டினது?"

"பின்ன பக்கத்து வீட்டுக்காரியா கட்டினா?"

அவர் குனிந்து, கண்ணை விமானத்தின் முதுகுக்கு நேராக வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். பல் செட்டைச் சோதிப்பதும் இப்படித்தான். நகத்தால் வயிற்றின் இணைப்பைத் தடவினார்.

"நகம் தட்டல! இவ்வளவு கனமான தாள்ல வயிறு இப்படி மூடி நான் பாத்ததே இல்ல. உன் தம்பி பெரிய ஆளும்மா. நான் பயந்துகிட்டே இருந்தேன், தெரியுமா? எப்படி மோசமா எழுதப் போறேன், எப்படி உன் முகத்துல முழிக்கப் போறேன்னு."

"நிஜமாவா நல்லா இருக்கு?"

"நல்லா இருக்கா? முதல் இடம்! லேப்டாப்பை எடு. எனக்கு விரல் வராது. நான் சொல்லச் சொல்ல நீ அடி."

அக்கா உட்கார்ந்தாள். தம்பியின் விமானத்தைப் புகழ்ந்து கணவர் சொல்ல, தன் கையால் தட்டச்சுச் செய்கிற நாள் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கத்தரி நடந்துகொண்டே சொன்னார். பேச்சு வேறு, எழுத்து வேறு அவருக்கு. எழுத்து என்றால் குரலே மாறிவிடும்.

"மூன்றாவது செட் ஒரு புதியவருடையது. தாளின் தரம் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது. போட்டியா?"

"போட்டேன்."

"நிறம் விரலில் ஒட்டவில்லை. செய்முறையைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் குழப்பம் வரவில்லை."

"ம்."

"எல்லாவற்றிலும் முக்கியம், உடம்பு. உள்வளையங்கள் தாளில் உள்ளபடியே பொருந்துகின்றன. முதன்முறை கட்டுபவர்கூட எந்த இடத்திலும் வெட்டிக் குறைக்கவோ தேய்க்கவோ வேண்டியதில்லை."

அக்காவின் விரல்கள் நின்றன.

தேய்க்கவோ.

மேசையோரத்தில் உப்புத்தாள் துண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு சிட்டிகை சாம்பல் நிறத் தூள். அது வளையத்து அட்டையின் தூள் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. காலையில் கணவர் சொன்னது என்ன, தான் செய்தது என்ன! ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவே இல்லை. சேரவில்லை, தேய்த்தாள், சேர்ந்தது. கடையில் நாள் முழுக்கச் செய்கிற காரியம்.

"என்னம்மா, ‘தேய்க்கவோ’க்கு எழுத்து கிடைக்கலியா?"

இப்போது சொன்னால் முதல் இடம் போய்விடும். ‘எதைடா முடிச்சிருக்கே’ என்று கேட்ட வாயாலேயே, இதையும் நீ முடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

"கிடைச்சிடுச்சு" என்றாள் அக்கா. அடித்தாள். முற்றுப்புள்ளியும் வைத்தாள். அடித்து முடித்ததும் எழுந்து, உப்புத்தாளையும் தூளையும் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அந்த ஒரு காரியத்தைத் தெரிந்தேதான் செய்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

சுள்ளான் வாசலில் குனிந்து, ஆனாலும் நெற்றியை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கத்தரிதான் போன் செய்து வரச்சொல்லியிருந்தார். அக்காவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டான்.

"யாரு மாமா கட்டினது?"

"உங்க அக்கா."

"நிஜமாவா?" இப்போதுதான் அவளைப் பார்த்தான். "அக்கா, நான் கட்டினதே இவ்வளவு நல்லா வரல."

"சும்மா இருடா. டீ குடிக்கிறியா?"

"நீ என் மேல கோவமா இருப்பேன்னு நினைச்சேன்."

"நீதான கோவிச்சுக்கிட்டுப் போனே."

"போனேன். சோறு பாதியில இருந்துச்சு. கீழ போனதும் அதுதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு."

அக்கா சிரித்தாள். கத்தரி லேப்டாப்பை மச்சான் பக்கம் திருப்பினார். "படி. இந்த வீட்டுல இதுவரைக்கும் எவனையும் நான் இப்படிப் புகழ்ந்ததில்ல. உங்க அக்காவைக்கூட."

"அது தெரிஞ்ச விஷயம்" என்றாள் அக்கா.

சுள்ளான் படித்தான். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப மேலே போய்ப் படித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அக்கா, எங்கயுமே சிரமப்படலயா?"

"பாத்தாலே தெரியலையா?" என்றாள். அது பொய் இல்லை. ஆனால் அதைப்போல ஒரு பொய்யை அவள் சொன்னதே இல்லை.

"போதும்! இது போதும்!" சுள்ளான் எழுந்தான். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அச்சகத்துல மெஷின் சும்மா இருக்கும். நமக்குன்னு விட்டுக் குடுத்திருக்காங்க. மொத்த செட்டையும் இன்னிக்கே ஓட்டிடறோம். அவ அங்க மெஷின் பக்கத்துலயே உக்காந்திருக்கா. மாமா கட்டிப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் தாளை ஏத்துவேன்னு பிடிவாதம்."

"மொத்தமும்னா?" அக்காவின் குரல் கீச்சென்று வந்தது.

"மொத்தமும்னா மொத்தமும்தான். அவ்வளவு தாளும் வாங்கி அடுக்கியாச்சு."

அவன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் தாள் ஏற்றாமலே இயந்திரம் இரைகிற சத்தம்.

"ஏய், கேளு! மாமா முதல் இடம் குடுத்துட்டார்! தாளை ஏத்து!"

"நிஜமாவா? சத்தியமா?"

"மாமா இங்கதான் இருக்கார்."

"அண்ணன் சொன்னது சரி. அண்ணிதானே கட்டினாங்க? அண்ணிகிட்ட குடுங்க."

சுள்ளான் போனை அக்காவின் பக்கம் நீட்டினான்.

"அண்ணி! கேக்குதா? உங்க தம்பி எதுக்குமே நல்லா இருக்குன்னுதான் சொல்வார். நீங்க கையால செஞ்சிருக்கீங்க. நீங்க ஏத்துன்னு சொன்னா நான் ஏத்திடறேன்."

அக்கா போனைப் பார்த்தாள். நாத்தனார் என்று தன்மீது ஒரு நாளும் சுடுசொல் போட்டதில்லை அந்தப் பெண். இப்போது கையில் எண்ணெயும் மையுமாக, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இவளுடைய ஒரு வார்த்தைக்காக நிற்கிறாள்.

"ஏத்தாதே" என்றாள் அக்கா.

"என்ன அண்ணி? சத்தம் ஜாஸ்தியா இருக்கு."

"ஏத்தாதேம்மா! மெஷினை நிறுத்து. நான் திரும்பக் கூப்பிடறேன்."

போனை வைத்தாள். இரண்டு ஆண்களும் அவளையே பார்த்தார்கள்.

"வயிறு மூடல" என்றாள் அக்கா. "வளையம் பெருசா இருந்துச்சு. நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். எல்லா வளையத்தையும். தேய்ச்சப்போ தப்புன்னே தோணல, கை பழக்கம். அப்புறம் இவர் எழுதச் சொன்னப்போதான் உறைச்சுது. அப்பவும் சொல்லல. தூளைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள்.

"நீயா?" என்றார் கத்தரி கடைசியில். "காலையில எவ்வளவு தடவை சொன்னேன்?"

"நிறைய தடவை."

"நகத்தை வச்சுத் தடவிப் பாத்தேனே! நான் ஒரு மடையன் மாதிரி..."

"உங்களை விடுங்க மாமா." சுள்ளானின் முகம் தொங்கிவிட்டது. "அக்கா, நான் கட்டினப்போ சேர்ந்துச்சே? பொய் சொல்லல. என் கையால கட்டினேன். மூடுச்சே!"

"எந்தத் தாள்ல கட்டினே?" என்று கேட்டார் கத்தரி.

"வீட்டு பிரிண்டர்ல போட்ட சாதா தாள்ல..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவன் கை தானாகச் செய்முறைத் தாளை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தது.

"அப்புறம்தான் கனமான தாளுக்கு மாத்தினேன். அச்சகத்துல இருந்தவனுக்குக் கனமான தாள்னாதான் நல்ல தாள். பிடிச்சதும் மனசுக்குப் பிடிச்சுப் போச்சு. வளையத்தை மாத்தணும்னு தோணவே இல்ல."

"தாள் தடிமனானா குழாயோட உள்பக்கம் சின்னதாயிடும். வளையம் அதே அளவுல இருந்தா?" கத்தரி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "எப்படி மூடும்? சட்டை துவைச்சுச் சுருங்கிப் போச்சு. வயிறு சுருங்கல."

"உங்களுக்கு அது வருஷா வருஷம் நடக்குதுங்க" என்றாள் அக்கா. சொன்ன பிறகு, இது சிரிக்கிற நேரமா என்று பயந்து தம்பியைப் பார்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவுக்கா தேய்ச்சே?"

"அளவெல்லாம் தெரியாதுடா. உக்காரும்வரைக்கும் தேய்ச்சேன்."

"உன் கை தேய்ச்சா சரியாத்தான் இருக்கும். அந்த வளையத்தை அளந்துட்டா, வரைபடத்துல அவ்வளவு குறைச்சுட்டு இப்பவே அனுப்பிடலாம். ஆனா எல்லாம் உள்ள இருக்கே..."

மூவரும் நீல விமானத்தைப் பார்த்தார்கள். இணைப்பே தெரியாத அந்த வயிற்றை.

"இன்னும் படம் எடுக்கல" என்றார் கத்தரி மெல்ல. "படம் இல்லாம கட்டுரை போட மாட்டாங்க. ஒரே ஒரு படம் எடுத்துட்டு..."

"எதைங்க எடுப்பீங்க? நான் தேய்ச்சதையா?"

அக்கா வெட்டுக்கத்தியை எடுத்தாள். விமானத்தை மல்லாக்கப் படுக்கவைத்து இடது கையால் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு ஆசையாக ஒட்டிய இணைப்பின் மேலேயே, மூக்கிலிருந்து வால் வரைக்கும் கத்தியை இழுத்தாள். தாள் பிரிகிற சத்தத்தைக் கேட்டுக் கத்தரி கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்துக்கா, விரல்!" என்றான் சுள்ளான்.

"நான் டி.வி. பாத்துக்கிட்டு வெட்டலடா."

வளையங்களை ஒவ்வொன்றாக விடுவித்து மேசையில் வரிசையாக வைத்தாள். சுள்ளான் பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்தான். கத்தரி லேபிலிருந்து கொண்டுவந்த அளவுகோலை, பல்லின் தடிமன் பார்ப்பதை, டிராயரிலிருந்து எடுத்தார். அவர் அளந்தார், அக்கா வளையத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள், அவன் அடித்துக்கொண்டான். எல்லா வளையத்திலும் குறைந்திருந்தது ஒரே அளவு.

"உன் கையா, மெஷினாம்மா?" என்றார் கத்தரி. திட்டுகிற குரலில்தான் சொன்னார். ஆனால் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

சுள்ளான் மனைவியைக் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னான்.

"நான் அன்னிக்கே கேட்டேன்" என்றாள் அவள். "தாளை மாத்திட்டீங்களே, ஒரு தடவை கட்டிப் பாத்தீங்களான்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன சொன்னீங்க?"

"நீ மெஷினைப் பாரு, நான் விமானத்தைப் பாக்கறேன்னு சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப நீ சொல்லு."

"வளையம் இருக்கிறது ஒரே தாள்தானே? இறக்கையும் வாலும் முதல்ல ஓட்டறேன். நீங்க வளையத்தாளைத் திருத்தி அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னால அண்ணி கையில குடுத்துக் கட்டிப் பாருங்க. அண்ணி! உப்புத்தாள் இல்லாம!"

"குப்பையில போட்டுட்டேன்மா" என்று கத்தினாள் அக்கா.

"நீங்க தடுத்தீங்களே அண்ணி..." மேலே என்ன சொல்ல நினைத்தாளோ, இயந்திரம் மறுபடி இரைய ஆரம்பித்துவிட்டது.

மதியச் சாப்பாடு சாயங்காலத்தில் நடந்தது. திருத்திய வளையங்களை அச்சிட்டு, அட்டையில் ஒட்டி வெட்டினார்கள். உடம்புக்கு, பத்திரிகைக்காக வைத்திருந்த மிச்ச நீலத் தாளை எடுத்தார்கள். அக்கா தன் கையை நம்பாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சுள்ளானே கட்டினான். நீலத் தாள் சுற்றி வந்து மூடியது. நகம் தட்டியது, கொஞ்சமாக. அக்கா மூடியதைப்போல இல்லை. ஆனால் யாரும் எதையும் தேய்க்கவில்லை.

"தட்டுது" என்றார் கத்தரி.

"தட்டட்டும் மாமா. இது நிஜம்."

தட்டு நிறையச் சாப்பாட்டைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள் அக்கா. "இன்னிக்கு முழுசா முடிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும்."

"சொல்லிக் காட்டறியா?"

"சோத்தைச் சொன்னேன்டா!"

இருவரும் சிரித்தார்கள். கத்தரி சிரிக்கவில்லை. லேப்டாப்பை வெறித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒரு விஷயம். பரீட்சைக்கு நீ குடுத்த செட்டுல வயிறு மூடல. இனிமே வரப்போற செட்டு மூடும். நான் வந்ததைப் பத்தித்தான் எழுத முடியும்."

"ஏங்க!" என்றாள் அக்கா.

"நீ பேசாதே. நீ இன்னிக்குப் பேச வேண்டியதைப் பேசிட்டே."

"எழுதுங்க மாமா" என்றான் சுள்ளான், வாய் நிறையச் சோற்றோடு. "வயிறு மூடலன்னே எழுதுங்க. ஏன் மூடலன்னும் எழுதுங்க. அப்ப நோஞ்சானுக்கு முதல் இடமா?"

"நோஞ்சானுக்குத்தான்."

"அவன் வரைஞ்சதுக்குக் குடுக்க வேண்டியதுதான். நானும் பாத்தேன். கை தங்கம்."

கத்தரி பெருமூச்சு விட்டார். கட்டுப் போட்ட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற விரல்களாலேயே பழைய வரியை அழிக்க ஆரம்பித்தார். உதவிக்கு வந்த அக்காவைத் தள்ளிவிட்டார். "வேண்டாம், தாயே. நீ அடிச்சது போதும்."

அப்போதுதான் சுள்ளான் கையில் எடுத்த உருண்டையை அப்படியே வைத்தான்.

"ஐயையோ."

"என்னடா?"

"இன்னொரு செட்டு வெளிய போயிருக்கு. பழைய வளையத்தோட. பொம்மைக் கடையம்மாவுக்குக் குடுத்தேன். அவங்களே கட்டிப் பாத்துட்டு, நல்லா இருந்தா கடை முழுக்க அடுக்கறேன்னாங்க. ஞாயித்துக்கிழமை உக்காந்து கட்டுவேன்னாங்க."

"இன்னிக்கா?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் ஒளிர்ந்து மேசை மேல் ஊர்ந்தது. திரையில் ‘கடையம்மா’ என்று வந்தது.

சுள்ளான் போனை எடுக்கவில்லை. மாமாவைப் பார்த்தான். மாமா திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அக்கா புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"வணக்கங்க. இல்லீங்க, அவன் சாப்பிட்டுக்கிட்டிருக்கான், நான் அவன் அக்கா பேசறேன். ஒரு நிமிஷம், நீங்க சொல்றதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிடறேன். அந்த வயிறு மூடாதுங்க. நீங்க தப்பாக் கட்டல. தப்பு எங்களோடது."



மறுமுனையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற ஓசை கேட்டது. "அப்படியா?" என்றது அந்தக் குரல். "அப்ப என் முன்னால நிக்கிற இது என்ன? இங்க மூடியிருக்கே!"

அக்கா மேசையில் கிடந்த பழைய வளையங்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தேய்ச்சேன்" என்றது குரல், தயங்கித் தயங்கி. "உங்க தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், முதல் செட்டாச்சேன்னு..."

ஸ்பீக்கர் போட்டிருந்தது. சுள்ளான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.